மேல் ஷட்ஜம்

வர்ணத்தின் அனுபல்லவியில் எப்சிபாவின் விரல் முதல் தந்தியில் வழுக்கிக்கொண்டு போய் மேல் ஷட்ஜத்தில் நின்றது. எனக்கு அது சுருதி இறங்கிக் கேட்டது. மயிரிழைதான். சாதாரணமாக இந்த இடத்தில் என் வாயிலிருந்து ‘ஏத்து’ என்று வந்துவிடும், யோசிக்கவே வேண்டாம், தும்மல் மாதிரி. ஆயுசு பூராவும் இந்த ஒரு சொல்லையும் ‘இறக்கு’ என்ற இன்னொரு சொல்லையும் வைத்துத்தான் சர்க்கார் சம்பளம் வாங்கினேன், இப்போது பென்ஷன் வாங்குகிறேன். இன்றைக்கு அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இறங்கியிருப்பது அவள் விரலா, என் காதா? அடக் கடவுளே, ஒரு வயலின் டீச்சர் கேட்கிற கேள்வியா இது? வருகிற புதன்கிழமை அவளுக்கு வானொலி நிலையத்தில் ஆடிஷன். போன வருஷம் ஒரு தடவை போய், கிடைக்காமல் திரும்பி வந்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ரெண்டு பிள்ளைகள், படுக்கையில் கிடக்கிற மாமியார், இத்தனைக்கும் நடுவில் விடியுமுன்னே எழுந்து சாதகம் செய்கிறாள். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம், அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் ஏற்றச் சொல்லி, அவள் ஏற்றி, அங்கே தம்புராவுக்குப் பக்கத்தில் அது சோற்றில் கல் மாதிரி கடிபட்டால்? நான் சொல்லாமல் விட்டு, அவள் நிஜமாகவே இறக்கித்தான் வாசிக்கிறாள் என்றால்? ரெண்டில் எது நடந்தாலும் கெடுத்தவள் நான்தான். வர்ணம் இன்னும் பாதிகூட ஆகவில்லை. முடிவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முக்தாயி ஸ்வரத்துக்குள் போய்விட்டாள். இது ஓட்டமான இடம், மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிடும், நிற்காது, அதனால் கொஞ்சம் மூச்சு விடலாம். நல்ல கை இவளுக்கு. பொறாமைப்படுகிற அளவுக்கு நல்ல கை. எனக்குக் கை சுமார்தான், இதை நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாராவது சொன்னால் அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சங்கரநயினார் சார் சொல்லியிருக்கிறார், அவர் சொல்லலாம். “பிரமு, ஒனக்குக் கை சுமாருதான். காது இருக்கு பாரு, அது பாம்புக் காதுட்டி.” பாவாடை தாவணியில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு கச்சேரி மேடை எனக்கு வாய்க்கவில்லை. பெரிய வித்வான் ஒருத்தர் நான் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்துவிட்டு, பொம்பளப் பிள்ளையா வயலின் என்று சபா காரியதரிசியிடம் என் காதுபடவே கேட்டார், பிறகு கச்சேரி முழுக்க எனக்கென்று ஒரு ஆவர்த்தனம்கூட விடாமல் பாடித் தீர்த்தார். போகட்டும். அவர் அன்றைக்கு நிஷாதத்தில் எத்தனை இடத்தில் சறுக்கினார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதுதான் என் சொத்து. அரசு இசைப்பள்ளியில் வேலை கிடைத்தது, ஊர் ஊராக மாற்றினார்கள், எங்கே போனாலும் பிரமநாயகி டீச்சர் என்றால் சுருதி. கை வேண்டுமானால் வேறு யாரிடமாவது கற்றுக்கொள், சுருதி வேண்டுமானால் அந்த அம்மாவிடம் போ என்று சொன்னார்கள். எதிர்வீட்டு மிக்ஸி தேங்காய் மசிந்ததும் அரை ஸ்வரம் ஏறும், எனக்குத் தெரியும். திருச்செந்தூர் பஸ் எது, தூத்துக்குடி பஸ் எது என்று ஹாரனை வைத்தே சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்று மயக்கத்தில் கிடந்தபோதுகூட, குழந்தை எந்தக் கட்டைச் சுருதியில் அழுகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். இந்தக் காது போனால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? சுமாரான கை. அதுவும் இப்போது முட்டி வீங்கின கை.

அடுத்த அறையில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். என் புருஷன்தான், ஆவுடையப்பன், சொந்த அத்தை மகன், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான், பின்னாலும் அத்தான். மின்வாரியத்தில் இருந்தவர். அவருக்குக் காது மந்தமாகிக் கொஞ்ச காலம் ஆகிறது, அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, “கேக்கலைன்னா நிம்மதிதாம்ட்டி, நீ வைதாலும் பாடுத மாதிரி இருக்கு” என்பார். என் வகுப்பு நேரத்தில் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு வாயசைவைப் பார்த்தே செய்தி தெரிந்துகொள்வார். அவருக்குப் போனால் போகட்டும். அவர் கரண்டுக் கம்பத்துக் கணக்கை எழுதினவர், காது எதற்கு? எனக்கு எப்படிப் போகலாம்? போகவில்லை. கேட்கிறது, எல்லாம் கேட்கிறது, ஊசி விழுந்தாலும் கேட்கிறது, தப்பாகக் கேட்கிறது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெங்களூரில் இருக்கிற மகனுக்கு ஒரு நாள் போன் போட்டேன். வலது காதில் மணி போய்க்கொண்டிருந்தது. கையில் ஈரம், துடைக்க வேண்டும், போனை இடது காதுக்கு மாற்றினேன். அதே மணி, இறங்கிவிட்டது. திரும்ப வலது பக்கம், ஏறிவிட்டது. கோளாறு போனில்தான் என்று நினைத்தேன், நினைக்க ஆசைப்பட்டேன். வைத்துவிட்டு மறுபடி போட்டேன். வலது, இடது, வலது, இடது. அத்தான் எட்டிப் பார்த்து, “யாருக்குட்டி போனப் போட்டுப் போட்டு வைக்க?” என்றார். மகன் எடுத்து, “என்னம்மா, ஏன் பேசாம இருக்கீங்க? அப்பாவுக்கு ஏதாச்சுமா?” என்று பதறினான். “ஒண்ணுமில்லய்யா, சும்மாதான்” என்று வைத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். குக்கர் விசில் அடித்தது. ஒரு விசில் இல்லை, ரெண்டு விசில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றோடொன்று சேராமல். அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைக்குப் பருப்பு வேகவே இல்லை.

எப்போதிலிருந்து? இதுதான் என்னைத் தின்கிறது. போனில் தெரிந்தது ரெண்டு மாசத்துக்கு முன்னால். ஆனால் போனை எப்போதும் வலது காதில் வைக்கிறவள் நான், இடது காது எப்போது கெட்டது என்று யார் கண்டது? சில்லென்று ஒரு காய்ச்சல் வந்ததே, அப்போதா? அதற்கும் முன்னாலா? போன வருஷம் எப்சிபா ஆடிஷனுக்குப் போனபோதேவா? அப்போது அவளைத் தயார் செய்ததும் நான்தான், இதே பாயில், இதே வர்ணம், இதே மேல் ஷட்ஜம், ஏத்து, ஏத்து, இன்னும் ஒரு பொட்டு ஏத்து. கிடைக்கவில்லை என்று வந்து நின்றாள். நான் என்ன சொன்னேன்? எவனாவது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான் என்று சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதே மாதிரிதான் பிறகு ஒரு இசைப் போட்டியிலும். என் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வாசித்தார்கள், நடுவராக வந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று. அவளை நான் வீடு வந்து சேரும் வரைக்கும் ஆட்டோவில் வைதுகொண்டே வந்தேன், நீயெல்லாம் எனக்குச் சுருதி சொல்லுகிறாயா என்று. ஆட்டோக்காரர் பயந்துபோய் கண்ணாடியில் பார்த்தார். நாலு பிள்ளைகளும் ஒரே மாதிரி ஏற்றி வாசித்திருந்தால்? நாலு பேருக்கும் அது சரி என்றே பட்டிருக்கும், ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போயிருக்கும், கெட்டது எல்லாம் ஒன்றாகக் கெட்டால் கெட்டதாகவே தெரியாது. இல்லை. அப்படி இருக்காது. நடுவர் பெண்ணுக்குத்தான் தெரியவில்லை.

போனில் ஆப் இருக்கிறது, ஊசி காட்டும், பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு. மகன் போட்டுக்கொடுத்ததுதான். ஒரு நிமிஷ வேலை. மேல் ஷட்ஜத்தை வாசித்து ஊசியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனையோ மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு வயலினை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போனைப் பக்கத்தில் குப்புறப் போட்டுவிட்டு. நிமிர்த்தவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. வகுப்பில் வேறு பெரிய வாய் பேசி வைத்திருக்கிறேன். ஒரு பையன் அந்த ஆப்பைப் போட்டுப் பார்த்தான் என்று, ஊசியைப் பார்த்து வாசிப்பதென்றால் காதை அறுத்து வீட்டில் வைத்துவிட்டு வா என்று கத்தினேன். அதிலிருந்து என் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துப் போனையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். எப்சிபாவின் போன்கூட அங்கேதான் கிடக்கிறது, அவள் செருப்புக்குப் பக்கத்தில். யாரும் என்னைச் சரிபார்க்க முடியாதபடி நானே வேலி போட்டு வைத்திருக்கிறேன். காது கெட்டது அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரியாதா?

சரணம் வந்துவிட்டது. இதில் அந்த நீளமான மேல் ஷட்ஜம் உண்டு, வில்லை முழுசாக இழுத்து நிறுத்துகிற இடம். இப்போது பார்த்துவிடுவோம். இடது கையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் சொறிகிற மாதிரி வைத்து, உள்ளங்கையால் காதை அடைத்துக்கொண்டேன். வருகிறது, வருகிறது, நின்றது. சேர்ந்திருக்கிறது! பக்கத்தில் முனகுகிற சுருதிப்பெட்டிக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, இருக்கிற இடமே தெரியவில்லை. கையை எடுத்தேன். சுருதிப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, மேல் ஷட்ஜம் மட்டும் இறங்கிவிட்டது. வலதை அடைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ வாசிக்கிற மாதிரி, கீழே, இன்னும் கீழே. வயலினைச் சாய்த்துப் பிடிக்கிற பக்கம், ஆயுசு பூராவும் நான் நம்பின பக்கம், இந்த இடது பக்கம்தான். எப்சிபா கண்ணைத் திறந்துவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கொண்டையைச் சரி செய்கிற மாதிரி செய்தேன், ஊசி ஒன்று கழன்று பாயில் விழுந்தது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வில் ஒரு கணம் தயங்கியது, எனக்குக் கேட்டது. என்னவோ எதிர்பார்க்கிறாள். ‘ஏத்து’ வரவில்லையே என்று பார்க்கிறாள். வலது காது சரி என்று வைத்துக்கொள்ளலாமா? எதை வைத்து? நல்ல காது எது என்று சொல்ல மூன்றாவதாக ஒரு காது வேண்டாமா? ஒருவேளை வலதுதான் கெட்டு, ஏறிக் கேட்டுக்கொண்டு, இடது பழையபடியே இருக்கிறதோ? இருக்கட்டுமே, அப்படி இருக்கட்டுமே, முருகா. அப்படியானால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் சரி.

அத்தான் காப்பி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். வகுப்பு நடுவில் வரக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த மனுஷனுக்கு ஏறாது. என் முகத்தைப் பார்த்தார், “என்னட்டி, தலைவலியா?” என்று அவர் ரகசியம் என்று நினைக்கிற குரலில் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். போங்கள் என்று கையைக் காட்டினேன். டம்ளரைத் தள்ளி வைத்தேன். டாக்டரிடம் போகலாம். போனால் என்ன சொல்வார்? நரம்பு, வயசு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, மனசைத் தளரவிடாதீர்கள். அதைக் கேட்கவா போக வேண்டும்? வெளியே தெரிந்தால்? முதலில் ஒரு அம்மா பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லி நிறுத்துவாள். அடுத்தவள் தூரமாக இருக்கிறது என்பாள். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அதுதான் கொடுமை. செவிடாகிவிட்டால்கூட ஒரு மரியாதை உண்டு, பாவம் என்பார்கள், கையைப் பிடிப்பார்கள். தப்பாகக் கேட்கிற சுருதி டீச்சருக்கு என்ன மரியாதை? சிரிப்பு. இந்த வீட்டில் சனிக்கிழமை காலையில் செருப்பில்லாத வாசலை நினைத்துப் பார்த்தேன். அத்தான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எதில் பாட்டுப் போட்டாலும் எழுந்து போய்விடுவேன், ஏனென்றால் ஒவ்வொரு பாட்டும் ரெண்டு பாட்டாக, ஒன்றை ஒன்று பிறாண்டிக்கொண்டு வரும். சாகிற வரைக்கும் அப்படித்தான். எதற்கு இதையெல்லாம் இப்போது நினைக்கிறேன், அந்தப் பெண் புதன்கிழமை போகப் போகிறாள், அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு.

கடைசி ஸ்வரக்கோவை. சுற்றிச் சுற்றி மேலே ஏறி, அங்கே ஒரு தடவை நின்று, சரணத்தின் முதல் வரிக்கு இறங்கினால் முடிந்தது. நின்றாள். அது எனக்கு இறங்கித்தான் கேட்டது. சொல், இப்போதாவது சொல், ஏத்து என்றோ சபாஷ் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல் என்று எனக்குள் ஒருத்தி அலறினாள். வில் தந்தியை விட்டு எழுந்துவிட்டது. சுருதிப்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

“டீச்சர்?” என்றாள் எப்சிபா. “ஒண்ணுமே சொல்லலியே டீச்சர். மோசமா இருந்துச்சா?”

என் வாயிலிருந்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. எங்கள் சார் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை.

“மேல் ஷட்ஜம் ஒனக்கு எப்படிக் கேக்கு?”

“எனக்கா?”

“ஒனக்குத்தாம்ட்டி. ஓங் காதுக்கு எப்படி இருக்கு, சொல்லு.”

வயலினை மடியில் படுக்கவைத்து, வில்லில் தேய்க்கிற ராசின் பொடி தந்தியில் படிந்திருந்ததை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது.

“இப்ப வாசிச்சது எனக்குச் சேந்த மாதிரிதான் கேட்டுச்சு டீச்சர். ஆனா அது தப்புன்னு தெரியும். பயத்துல கை பழைய எடத்துக்குப் போயிட்டு. புதன்கெழமை நீங்க சொன்ன எடத்துலதான் வைப்பேன், பயப்படாதீங்க.”

“தப்புன்னு யாரு சொன்னா?”

“எங் காதுதான் சரியில்ல டீச்சர்.” குரல் உடைந்தது. “ஒங்கட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சர்ச்சுல கீபோர்டோட சேந்து வாசிக்கும்போது, நீங்க சொல்லித் தந்த எடத்துல வச்சா எனக்கு இடிக்கும். கீபோர்டுதான் தப்போன்னு நெனச்சேன். போன தடவை ஆடிஷன்ல கெடைக்காம வந்தம்லா, அப்பவே காது டாக்டர்ட்டப் போனேன். கண்ணாடி ரூம்புல உக்கார வச்சு, காதுல மாட்டி, என்னெல்லாமோ சத்தம் போட்டுப் பாத்தாங்க. ரெண்டு காதும் நல்லா இருக்குன்னுட்டாரு. நம்பிக்கையில்லாம மதுரைக்குப் போயி இன்னொருத்தர்ட்டயும் காமிச்சேன். அவரும் அதையேதான் சொல்லுதாரு. டாக்டருக்குச் சங்கீதம் தெரியாதுல்லா? டாக்டர்ட்டப் போனது எங்க வீட்டுக்காரவுகளுக்கும் தெரியாது. ராத்திரியெல்லாம் தூக்கம் வராது டீச்சர், காது இல்லாதவளுக்கு வயலின் எதுக்குன்னு. நீங்க ஏத்துன்னு சொன்னா ஏத்திருவேன், அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாரேன்.”

ரெண்டு டாக்டர். மதுரை வரைக்கும். நான் ரெண்டு மாசமாகப் படுகிற பாட்டை இவள் ஒரு வருஷமாகப் பட்டிருக்கிறாள், நல்ல காதை வைத்துக்கொண்டு. என் மேல் சந்தேகம் வருவதற்குப் பதிலாக அவள் காதின் மேல் வந்திருக்கிறது. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது அங்கேயேதான் இருந்தது, இப்போது தெரிந்தே இருந்தது.

“எப்சிபா, ஓங் காது நல்ல காது. போனது எங் காது.”

அவள் என்னைப் பார்த்தாள். புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “அப்படியெல்லாம் இருக்காது டீச்சர்.”

“இருக்குட்டி. எடது காது. யாருக்கும் தெரியாது, ஓங்கிட்டத்தான் சொல்லுதேன். வயலின எடு. அந்த மேல் ஷட்ஜத்த நல்லா இழுத்து வாசி. நான் ஏத்துன்னு சொல்லுவேன். நீ ஏத்தக் கூடாது.”

“டீச்சர், நீங்க சொல்லி நான் எப்படி…”

“ஒரு வருசமா ஓங் கைக்குள்ள ஏத்து ஏத்துன்னு நாந்தான உக்காந்திருக்கேன்? புதன்கெழமை நான் வர மாட்டேன், எங் கொரலு வரும். வாசி.”

வயலினைக் காலில் ஊன்றிக்கொண்டாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. விரல் தந்தியில் ஏறிப் போய் நின்றது. எனக்கு இறங்கிக் கேட்டது.

“ஏத்து” என்றேன்.

விரல் துடித்தது.

“ஏத்துட்டி” என்று அதட்டினேன்.

அவள் ஏற்றவில்லை.